நான்சென்ஸ் மியூட்டேஷன்: தமிழில் எப்படிச் சொல்வது?

நேரடியாகத் தமிழாக்கினால் 'பொருளற்ற திடீர்மாற்றம்' என்று வரும். மியூட்டேஷனுக்குத் திடீர்மாற்றம், சடுதிமாற்றம் இரண்டும் வழக்கில் உள்ளன, எதை எடுத்தாலும் சரி. சிக்கல் 'பொருளற்ற' என்பதில்தான்.

மரபணுச் செய்தியில் (ஆர்என்ஏயில்) மூன்று எழுத்து சேர்ந்தது ஒரு குறியன். மொத்தம் 64. அதில் 61 புரதத்தின் அலகுகளான அமினோ அமிலங்களைக் குறிக்கும். மீதி யுஏஜி, யுஏஏ, யுஜிஏ மூன்றும் 'புரதத்தை இத்தோடு முடி' என்று, புரதத்தைக் கோத்துத் தரும் ரைபோசோமுக்குச் சொல்லும் முடிவுக் குறியன்கள். ஓர் எழுத்து மாறி இவற்றில் ஒன்று மரபணுவின் நடுவில் வந்துவிட்டால் புரதம் பாதியிலேயே நின்றுவிடும். இவ்வளவு தெளிவான பொருள் உள்ளதைப் போய் எப்படிப் பொருளற்றது என்பது?

பெயர் வந்தது பழைய கணக்கு ஒன்றிலிருந்து. குறியீடு என்னவென்று யாருக்கும் தெரியாத 1957இல், கிரிக், கிரிஃபித், ஓர்கல் என்ற அறிவியலாளர்கள் மூவரும் 20 குறியன்களுக்கே பொருள் உண்டு, மற்ற 44 பொருளற்றவை என்று கணித்தார்கள். அதில் யுயுயு பொருளற்ற பக்கம் இருந்தது. 1961இல் நிரன்பெர்க்கும் மத்தாயும் செய்த சோதனையில் அதே யுயுயு ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தைக் கொடுத்தது, கணக்கு உடைந்தது, 'நான்சென்ஸ்' என்ற சொல் மட்டும் முடிவுக் குறியன்களோடு ஒட்டிக்கொண்டது. யுஏஜிக்கு 'ஆம்பர்' என்றும் ஒரு பெயர் உண்டு. அது ஹாரிஸ் பெர்ன்ஸ்டைன் என்ற மாணவரை வைத்து வந்தது; அந்தக் குடும்பப் பெயருக்கு ஜெர்மனில் அதுதான் அர்த்தம்.

இதைவிடக் குழப்புவது 'சப்ரெஷன்', அதாவது நடுவில் வந்த முடிவுக் குறியனைத் தாண்டிப் புரதத்தை முழுதாக்குவது. ஒடுக்கம் என்று எழுதினால், பாக்டீரியாவுக்கு மருந்தைத் தாங்கும் திறன் தரும் எதிர்ப்பு மரபணு பற்றிய கட்டுரையில் வாசகர் என்ன நினைப்பார்? மருந்தெதிர்ப்பு அடங்கிவிட்டது என்றுதானே. நடப்பது நேர்மாறு. ஈ. கோலை பாக்டீரியாவில் வைத்து வளர்க்கும் பி3 என்ற பிளாஸ்மிடில் (தனியாக இருக்கும் டிஎன்ஏ வளையத்தில்) ஆம்பிசிலின், டெட்ராசைக்ளின் எதிர்ப்பு மரபணுக்கள் இரண்டிலும் நடுவே யுஏஜி இருக்கும், கனமைசின் எதிர்ப்பு மட்டும் பழுதில்லாமல் இருக்கும். ஆம்பிசிலின் போட்டால் செல் தாங்காது. அந்தச் செல்லுக்குள் சப்-எஃப் மரபணு உள்ள இன்னொரு சின்ன பிளாஸ்மிடைச் செலுத்தினால், அது தரும் டிஆர்என்ஏ (அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் மூலக்கூறு) யுஏஜியைக் கண்ட இடத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலத்தை வைத்துவிடும், புரதம் முழுதாகும், எதிர்ப்பு திரும்பிவிடும். இரண்டு மருந்தையும் சேர்த்துப் போட்டு, சின்ன பிளாஸ்மிடை ஏற்ற செல்களை மட்டும் ஆய்வகத்தில் பிரித்தெடுப்பது இப்படித்தான். ஒடுங்குவது திடீர்மாற்றத்தின் விளைவு, மரபணு அல்ல.

அதனால் நான் 'இடைமுடிவுத் திடீர்மாற்றம்', 'முடிவு மீறல்' என்றே எழுதுவேன். சப்-எஃப் தருவது 'மீறல் டிஆர்என்ஏ'. அப்புறம், இந்த மீறல் முழுமையாக நடப்பதில்லை; முடித்துவைக்கும் புரதக் காரணியும் அதே யுஏஜிக்குப் போட்டியிடும். ஈ. கோலையின் சொந்த மரபணுக்களில் யுஏஜியில் முடிபவை குறைவு என்பதால் செல்லும் பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை.