ஃபோர் வீல் டிரைவ் இழுக்கும்ங்க, நிறுத்தாது

எழுத வேண்டாம்னுதான் இருந்தேன், ஆனா இந்த சீசன்ல இது மூணாவது வண்டி. குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம் இறங்குற ரோட்டுல, பர்லியார் தாண்டி பிரேக் புடிக்காம போயி மலைப்பக்கம் மண்ணுல ஒரசி ஒரசி நிறுத்தியிருக்காப்ல ஒரு தம்பி. பெரிய டீசல் பிக்கப், பின்னாடி டிரெய்லர்ல ஜெனரேட்டர். நல்லவேளை, ஆளுக்கு ஒன்னும் ஆகல.

எங்க பட்டறையில வீலைக் கழட்டுனா டிஸ்க் நீலம் பாஞ்சு கெடக்கு, பேடு கண்ணாடி மாதிரி வழவழன்னு, பிரேக் ஆயிலு டீ டிகாஷன் கலர்ல. தம்பி பெடலை மிதிச்சுப் பாத்துட்டு "அண்ணா, இப்ப நல்லாத்தானே புடிக்குது"ங்கறாரு. புடிக்கும்ங்க, ஆறிடுச்சுல்ல. சூட்டுல ஆயில் கொதிச்சா பெடல் பஞ்சாட்டம் தரைக்குப் போகும், ஆறுனா பழையபடி நிக்கும்.

அப்புறம் எல்லாரும் சொல்ற அதே டயலாக். "ஃபோர் பை ஃபோர் தானேண்ணா, டார்க் இருக்கே." ஏனுங்க, டார்க்குங்கற இழுவை சக்தி ஏத்தத்துக்கு. நாலு சக்கரத்துக்கும் பவர் போறது சேத்துல மாட்டாம ஏறுறதுக்கு. பிரேக்கு ஆல்ட்டோவுக்கும் நாலு வீல்லதான், உங்க 30 லட்ச ரூபா வண்டிக்கும் நாலு வீல்லதான். வெளிநாட்டு வீடியோ பாத்துட்டு "3,500 கிலோ இழுக்கும்"ங்கறாங்க, அது டிரெய்லருக்குத் தனியா பிரேக் இருந்தா மட்டும்தான். பிரேக் இல்லாத டிரெய்லருன்னா அதே கம்பெனி அதே வண்டிக்கு 750 கிலோன்னு போட்டிருக்கும், அந்த நம்பர் மட்டும் யாரு கண்ணுலயும் படாது! இந்தத் தம்பி டிரெய்லருல பிரேக்கே இல்ல, ஜெனரேட்டர் மட்டும் ஒன்றரை டன்.

ஒரு கணக்கு சொல்றேன். குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையத்துக்கு சுமார் 1,500 மீட்டர் இறக்கம். வண்டியும் டிரெய்லரும் சேந்து 4 டன்னுன்னா, அதை அவ்வளவு கீழ இறக்குறதுல வர்ற சக்தி ஏறக்குறைய 16 யூனிட் கரண்டு. வீட்டு கீசரை, 2 கிலோவாட்டு, 8 மணி நேரம் போட்டு விட்ட மாதிரி. கியர்ல வந்தா இன்ஜின் ஒரு பங்கு வாங்கிக்கும். டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விட்டா காத்தும் டயரும் தின்னது போக மொத்தச் சூடும் பிரேக்குல போய் உக்காரும், அதுவும் ஒரு மணி நேரத்துக்குள்ள. மிச்சமும் கிடையாது சாமி, இப்ப வர்ற காமன் ரயில் டீசல் இன்ஜின் (கம்ப்யூட்டர் பாத்து டீசல் ஊத்துற வகை) கியர்ல இருக்கறப்ப ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா டீசலே ஊத்தாது, நியூட்ரல்லதான் ஐடிலுக்குக் குடிக்கும்.

அதனால செகண்ட் கியர், செங்குத்தா இருந்தா ஃபர்ஸ்ட். ஆட்டோமேட்டிக்னா டி-ல விடாம மேனுவல்ல போடுங்க. பிரேக்கை ஒட்டிப் புடிச்சுட்டே வராதீங்க, நல்லா அழுத்தி வேகத்தைக் கொறச்சுட்டு விட்டுடுங்க. காஞ்ச தார் ரோட்டுல ஃபோர் லோ (நாலு வீலுக்கும் பவர் போற மெதுவான கியர்) போட்டுட்டு ஹேர்பின் திருப்பாதீங்க, கியர்பாக்ஸ் இறுகிக்கும், அப்புறம் அதுக்கும் என்கிட்டதான் வரணும். பாரத்தை ஆக்சிலுக்குக் கொஞ்சம் முன்னாடி வைங்க, கொக்கி மேல டிரெய்லர் எடையில பத்துல ஒரு பங்கு உக்காரணும், பின்னாடி ஏத்துனா டிரெய்லர் வாலாட்டும். பம்பர்ல வெல்டிங் வெச்ச கொக்கியைப் பாத்தா எனக்கு ரத்தக்கொதிப்பு வருது.

பிரேக் ஆயிலை ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்துங்க. டாட் 3-ங்கற வகை ஆயிலு புதுசுன்னா 205 டிகிரி தாங்கும், ஈரம் இழுத்துட்டா 140-லயே கொதிச்சுடும். நம்ம ஊரு மூடுபனியில ஈரத்துக்கா பஞ்சம்?

கருகுற வாசனை வந்தா தயவுசெஞ்சு ஓரங்கட்டுங்க. வீலுக்குக் கட்டை போட்டுட்டு அரை மணி நேரம் டீ குடிங்க. தண்ணி மட்டும் ஊத்தாதீங்க, டிஸ்க் விரிசல் விட்டுடும்.

தம்பிக்கு வெள்ளிக்கிழமை கோத்தகிரிக்கு இன்னொரு லோடாம், வண்டியை மட்டும் ரெடி பண்ணுங்கண்ணாங்கறாரு. வண்டி ரெடி பண்ணித் தாரேன். டிரெய்லருக்கு பிரேக் மாட்டுற வரைக்கும் அந்தக் கொக்கி பின் என் மேஜை டிராயர்லதான் இருக்கும்.