கலப்பற்று மூலக்கூறு: ஒரு சொல் விளக்கம்

மூளை எப்படி வளர்கிறது என்று படிக்கப் போனால் ‘செல் அட்ஹீஷன் மொலிகியூல்’ என்ற பெயர் கட்டாயம் எதிர்ப்படும்; கலங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள உதவும் புரதங்களின் பெயர் அது. திருகோணமலையில் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகள் நம் பாடநூலில் ‘கலம்’ என்று படிக்கிறார்கள், தமிழ்நாட்டுப் பாடங்களை இணையத்தில் பார்த்தால் அங்கே ‘செல்’ என்று இருக்கிறது. அதனால் கலவொட்டு மூலக்கூறு, செல் ஒட்டு மூலக்கூறு என்று பல மாதிரி எழுதுகிறார்கள். கலமா செல்லா என்பது எனக்குப் பெரிய சிக்கலாகத் தெரியவில்லை. ‘ஒட்டு’ என்பதுதான் உறுத்துகிறது.

செல் என்பது சிறிய அறையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தக்கையை நுண்ணோக்கியில் பார்த்த ராபர்ட் ஹூக் 1665இல் அதை உயிரியலுக்குக் கொண்டுவந்தார். நாம் அறையை விட்டுவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டோம். கலம் என்றால் கப்பலும்தான், துறைமுக ஊர்க்காரருக்கு அது இன்னும் நெருக்கமான சொல். மூலக்கூறு இரண்டு நாட்டுக்கும் பொது. மீதி இருப்பது அட்ஹீஷன். இலத்தீனில் ‘அட்’ என்றால் ‘நோக்கி’, ‘ஹைரேரே’ என்றால் ஒட்டுதல், விடாமல் பிடித்திருத்தல். ஆக, தமிழில் ஒட்டு, பற்று இரண்டுக்குமே இடம் உண்டு. எது பொருந்தும் என்பதை அந்த மூலக்கூறு செய்கிற வேலையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கருவில் வளரும் நரம்புக்கலம் ஒரு நீண்ட நாரை வெளியே அனுப்புகிறது. அதன் நுனியில் விரல் விரித்தாற்போல் ஒரு வளர்முனை இருப்பதை 1890இல் ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரமோன் இ கஹால் கோழி முளையத்தின் முண்ணாணில் கண்டார். அந்த முனை வழியில் உள்ள கலங்களைத் தொட்டுத் தொட்டுப் போகிறது. நாரின் மென்சவ்விலும் எதிர்ப்படும் கலத்தின் மென்சவ்விலும் பொருத்தமான புரதங்கள் இருந்தால் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிமானத்தில் உள்ளிருக்கும் அக்டின் என்ற புரத இழைகள் முனையை முன்னே இழுக்கும். ‘என்கேம்’ (NCAM) என்ற இந்த வகைப் புரதம் எதிரே இன்னொரு என்கேமைப் பிடிக்கும். ஒரே திசையில் போகும் நார்கள் கற்றையாகச் சேர்வதும் இப்படித்தான்.

சரி, பிடித்தபடியே இருந்தால்? கற்றையை விட்டு நார் பிரியாது, தனக்குரிய தசைக்கும் போகாது. அதற்கும் வழி இருக்கிறது. முளையப் பருவத்தில் என்கேமின் மேல் பொலிசியாலிக் அமிலம் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் ஏராளமாக இருக்கும். அவை மறைமின்னேற்றம் கொண்டவை, நீரை ஈர்த்துப் பருத்து மென்சவ்வுகளை விலக்கிவைப்பவை. பிடி தளரும், நார் பிரிந்து போகும். கோழி முளையத்தில் ஒரு நொதியத்தைக் கொண்டு அந்தச் சங்கிலிகளை நீக்கியபோது, இயக்க நரம்பு நார்கள் சில தவறான தசைக்குப் போய்ச் சேர்ந்தன. பிடிப்பைப் போலவே விடுவதும் வழிகாட்டலில் ஒரு பகுதி என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பழ ஈயின் ‘டீஸ்கேம்’ (Dscam) என்ற புரதம் இன்னும் வியப்பானது. ஒரே பரம்பரையலகிலிருந்து 38,016 வடிவங்கள் வரை உருவாக முடியும். ஒரே வடிவ டீஸ்கேம் கொண்ட இரண்டு நரம்புக்கலக் கிளைகள் தொட்டால் அவை முதலில் பிணைகின்றன, பிறகு விலகிப் போகின்றன. தன் கிளை தன் மேலேயே படியாமல் பரவுவதற்கு அதுதான் வழி. பெயரில் அட்ஹீஷன், விளைவோ விலகல்!

வள்ளத்தின் அடியில் சிப்பி ஒட்டினால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அதுதான் ஒட்டு. கல்லா, மரமா என்று அது பார்ப்பதில்லை. இந்தப் புரதங்கள் ஆள் பார்த்துப் பிடிக்கின்றன, வேளை வந்தால் விடுகின்றன. கையைப் பற்றினான், பற்று விட்டது என்று நாம் சொல்கிறோமே, அந்தப் ‘பற்று’ இங்கே சரியாக உட்காருகிறது. ஆகவே கலப்பற்று மூலக்கூறு. தன் வகையையே பிடித்தால் தன்னினப் பற்று, வேறு வகையைப் பிடித்தால் பிறவினப் பற்று என்று அப்படியே விரித்துக்கொள்ளலாம்.

தனிப் புரதங்களின் பெயர்களை மொழிபெயர்க்க வேண்டாம் என்பது என் எண்ணம். கட்ஹெரின் என்ற கலப்பற்று மூலக்கூறின் பெயர், கல்சியம் இருந்தால்தான் பிடிக்கும் என்பதை வைத்து ஜப்பானின் மசதோஷி தாகேய்ச்சி சூட்டியது. தூரத்திலிருந்து நாரை அழைக்கும் நெட்ரின் கலப்பற்று மூலக்கூறு அல்ல, சுரந்து பரவும் புரதம். அதன் பெயர் ‘வழிநடத்துபவர்’ என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து எடுத்தது. நேத்திரம் என்று நாம் கண்ணைச் சொல்வதும் அதே வேரிலிருந்துதான்.

பாடத்தில் எல்-1 என்ற கலப்பற்றுப் புரதத்தை மட்டும் மேலோட்டமாகக் கடந்துவிடக் கூடாது. அதன் பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால் குறைபாடு பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத்தான் தாக்குகிறது. மூளைக்குள் நீர் தேங்கலாம், பெருவிரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கலாம், கால்கள் விறைக்கலாம். மூளையின் இடது வலது பாதிகளை இணைக்கும் நார்ப் பட்டை உருவாகாமலும் போகலாம்.