தோற்கொம்பு

எங்கள் அம்மப்பா மட்டக்களப்பின் படுவான்கரையில் வயல் செய்தவர். ஐம்பது வருடத்துக்கு மேல் வெயிலில் நின்ற உடம்பு. கடைசிக் காலத்தில் அவருடைய வலது காதின் மேல்விளிம்பில் ஒரு முளை கிளம்பியது. பாலுண்ணி என்றார்கள். அது நீண்டு, கொஞ்சம் வளைந்து, ஆட்டுக்குட்டிக் கொம்பு மாதிரி பழுப்பு நிறத்தில் நின்றது. நகத்தால் தட்டினால் டொக்கென்று கேட்கும். "அவனுக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்று யாரோ யாரையோ பேசினால்கூட அவர் முகம் வாடிவிடும். துவாயால் காதை மூடிக்கட்டிக்கொண்டே திரிந்தார்.

மருத்துவத்தில் இதற்குப் பெயர் கோர்னு கியூட்டேனியம். இலத்தீனில் கோர்னு கொம்பு, கியூட்டிஸ் தோல். தமிழில் தோலும் கொம்பும் சேர்ந்தால் தோற்கொம்பு, தோற்பாவை போல. சருமக் கொம்பு என்றும் எழுதுகிறார்கள். பிழையில்லை. ஆனால் வெயிலில் தோல் உரிந்தது என்றுதான் வீட்டில் சொல்கிறோம், சருமம் உரிந்தது என்று யாரும் சொல்வதில்லை. எனக்குத் தோற்கொம்புதான் சரி.

தமிழில் கொம்பு என்பது விலங்கின் தலையோடு நிற்கிற சொல் அல்ல. மரக்கிளையும் கொம்புதான். கொம்புத்தேன் அப்படி வந்தது. மட்டக்களப்பில் கண்ணகி வழிபாட்டோடு ஆடும் கொம்புமுறியில் வடசேரி, தென்சேரி என்ற இரண்டு அணிகளும் கொளுவி இழுப்பது வளைந்த மரக்கொம்புகளை. கோடு என்ற பழைய சொல்லுக்கும் கிளை, விலங்கின் கொம்பு என்ற இரண்டு பொருளும் உண்டு. ஒன்றிலிருந்து கிளைத்து வெளியே நீளுவது எதுவோ அது கொம்பு. அந்த வகையில் காதில் முளைத்ததற்கும் இந்தப் பெயர் நன்றாகவே பொருந்துகிறது.

ஆனால் மாட்டுக் கொம்பும் இதுவும் ஒன்றல்ல. மாட்டுக் கொம்புக்குள் எலும்பு இருக்கிறது. தோற்கொம்பில் எலும்பே இல்லை, முழுக்கக் கெரட்டின்தான். நகத்திலும் முடியிலும் இருக்கிற அதே புரதம். அந்தப் பெயரும் கொம்பைக் குறிக்கும் கெராஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். எலும்பில்லாத கொம்பு என்றால் காண்டாமிருகத்தைச் சொல்லலாம்.

நடக்காத காரியத்தை முயற்கொம்பு என்போம். அமெரிக்கக் காட்டுமுயல்களுக்குத் தலையில் நிசமாகவே கொம்பு போன்ற வளர்ச்சிகள் வருகின்றன. அதற்கு ஒரு வைரஸ்தான் காரணம் என்று அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் ஷோப் 1933இல் காட்டினார். மனிதரிலும் சில தோற்கொம்புகளின் அடியில் இருப்பது வைரசால் வரும் மருதான்.

அந்த அடிதான் முக்கியம். தோற்கொம்பு ஒரு நோயின் பெயரல்ல, ஒரு தோற்றத்தின் பெயர். ஏறக்குறைய பத்தில் ஆறின் அடியில் தீங்கற்ற வளர்ச்சியே இருக்கும். மீதியில் இருப்பது வெயிலால் கெட்டுப் புற்றுக்கு முந்திய நிலைக்கு வந்த தோல், இல்லையென்றால் தோல் புற்றே. முகம், காது, தலை, புறங்கை என்று வெயில் படும் இடங்களில்தான் இது அதிகம் வருகிறது. அடி அகன்றிருந்தால், தடித்திருந்தால், தொட்டால் வலித்தால் சந்தேகம் கூடும்.

இது தெரியாமல் அம்மப்பா ஒருநாள் பாக்குவெட்டியை எடுத்து நுனியை நறுக்கிவிட்டார். வலிக்கவில்லை, நகம் வெட்டின மாதிரித்தான். நாலு மாதத்தில் திரும்ப வளர்ந்து நின்றது. அதற்கு முதல் ஒரு பரிகாரி, அதாவது நாட்டு வைத்தியர், தலைமயிரால் இறுக்கிக் கட்டிப் பார்த்ததில் சுற்றிலும் புண்ணானதுதான் மிச்சம். கொம்பு செத்த பொருள். அதை வளர்க்கும் தோல் கீழே உயிரோடு இருக்கும்வரை வெட்டி என்ன பயன்?

ஆசுபத்திரியில் விறைப்பு ஊசி போட்டு, கொம்பையும் அடித்தோலையும் சுற்றியுள்ள நல்ல தோலில் கொஞ்சத்தையும் சேர்த்து எடுத்துத் தைத்தார்கள். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். எடுத்த துண்டை ஃபார்மலினில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதை விட்டால் சிகிச்சை பாதிதான், ஏனென்றால் மேலே தெரியும் கொம்பைப் பார்த்து அடியில் இருப்பதைச் சொல்ல முடியாது. புற்று என்று வந்தால், ஓரம் சுத்தமாக வந்ததா என்று பார்த்து, தேவையென்றால் இன்னும் அகலமாக வெட்டுவார்கள், கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். சின்ன, தீங்கற்ற வளர்ச்சி என்று உறுதியானால் திரவ நைட்ரசனால் உறையவைத்து அழிப்பதும் உண்டு.

அவருக்கு வந்தது புற்றுக்கு முந்திய நிலை. அடியோடு எடுத்ததால் அதோடு முடிந்தது. துவாயை மட்டும் அவர் விடவில்லை. இந்த முறை இரண்டு காதையும் சேர்த்து மூடிக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போனார்.