கேட்கக் கேட்கத் தேயும் தட்டு

1950களில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பாட்டு கேட்க வேண்டுமென்றால் பெரும்பாலான ஏழை ஜனங்கள் தெருவுக்குத்தான் வரவேண்டும். ஆளுயர ஒலிபெருக்கிகளைத் திறந்தவெளியில் அடுக்கி, விடிய விடிய இசைத்தட்டு போட்டு ஆடவைப்பவர்கள் ‘சவுண்ட் சிஸ்டம்’காரர்கள். ஒருவரிடம் இருக்கும் பாட்டு அடுத்தவரிடம் இருக்கக் கூடாது. பிழைப்பே அதில்தான் இருந்தது. கிளெமென்ட் டாட் போன்றவர்கள் அமெரிக்காவிலிருந்து வாங்கிவந்த தட்டுகளில், நடுவிலிருக்கும் லேபிளைச் சுரண்டிவிட்டே கூட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். பாடியவர் பெயர் தெரிந்தால் எதிராளி தேடிப் பிடித்துவிடுவானே!

பிறகு உள்ளூரிலேயே ஒலிப்பதிவு தொடங்கியதும் இந்தப் போட்டி இன்னொரு பொருளைப் பெரிதாக்கியது. அதுதான் டப்பிளேட். ஒரே ஒரு பிரதி, ஒரே ஒரு சவுண்ட் சிஸ்டத்துக்காக. இன்று ஜமைக்காவின் ரெகே இசைத்தட்டு சேகரிப்பவர்கள் தவம் கிடப்பது இதற்குத்தான். சிக்கல் என்னவென்றால், போடப் போட அழியும் தட்டு இது.

சாதாரண வினைல் தட்டு பிறக்கும் கதை நீளமானது. முதலில் ஓர் அலுமினியத் தகட்டின்மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு பூசுவார்கள். சேகரிப்பாளர்கள் இதை ‘அசிடேட்’ என்பார்கள். வேதியியல்படி அந்தப் பெயர் தப்பு, ஆனாலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. சூடேற்றிய நீலக்கல் ஊசி, இசைக்கு ஏற்ப அதிர்ந்தபடியே அந்தப் பூச்சில் சுருள் பள்ளம் வெட்டும். வெட்டுப்பட்டு எழும் மயிரிழை போன்ற சீவலைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பார்கள். வெடிமருந்துப் பஞ்சின் ஒன்றுவிட்ட தம்பி அது. ஒரு பொறி பட்டால் போதும். அப்புறம் வெட்டிய தட்டுக்கு வெள்ளிப்பூச்சு, நிக்கல் முலாம், அதிலிருந்து அச்சு, அந்த அச்சால் அழுத்திய பிவிசி, அதாவது வினைல் பிளாஸ்டிக். கடைக்கு வருவது அந்தக் கடைசிப் பிரதி.

டப்பிளேட் இத்தனை படிகளையும் தாண்டிவிடுகிறது. வெட்டிய பூச்சுத் தட்டையே நேராக எடுத்துப்போய் அன்று இரவே போட்டுவிடலாம். வாட்டர்ஹவுஸ் பகுதியில் கிங் டப்பி, ரேடியோ பழுதுபார்க்கத் தெரிந்த மின்னணுக் கைக்காரர், வெட்டும் எந்திரத்தை வீட்டிலேயே வைத்திருந்தார். 1960களின் பிற்பகுதியில் ரடி ரெட்வுட் என்ற சவுண்ட் சிஸ்டம்காரருக்கு ஒரு தட்டு வெட்டும்போது பாடகரின் குரலைச் சேர்க்க மறந்துபோனார்களாம். அன்றிரவு குரலை ஈடுகட்டிக் கூட்டமே பாடிற்று என்கிறது கதை. குரலைக் குறைத்துத் தாளத்தை முன்னிறுத்தும் ‘டப்’ என்ற இசை வகை பிறந்த கதைகளில் இதைத்தான் அதிகம் சொல்வார்கள்.

இனி தேய்மானத்துக்கு வருவோம். முள் தட்டை அழுத்தும் எடை இரண்டு கிராம்தான். ஆனால் அது பள்ளத்தின் சுவரைத் தொடும் இடம் சில பத்துச் சதுர மைக்ரான் அளவே. அழுத்தத்தைக் கணக்குப் போட்டால் சதுர சென்டிமீட்டருக்கு டன் கணக்கில் வரும். பிவிசி அதைத் தாங்கி மீள்கிறது. பூச்சோ வெட்டுவதற்கு வாகாக மென்மையாகச் செய்யப்பட்டது, தாங்காது.

முதலில் போவது உச்ச ஸ்தாயி ஒலி. ஏழு அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 45 முறை சுற்றுகிறது. வெளி ஓரத்தில் முள்ளுக்கடியில் பள்ளம் விநாடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் ஓடும். லேபிள் அருகே 25தான். எனவே 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை, வெளியே 40 மைக்ரான் நீளம், உள்ளே 25 மைக்ரான். முள் நுனியின் ஆரமே 18 மைக்ரான்! அந்தக் குட்டி நெளிவுகளுக்குள் அது சரியாக இறங்க முடியாமல் முட்டி மோதி முனைகளை மழுக்கிவிடுகிறது. டிரம்ஸின் ஜோடித் தாளத்தட்டான ஹை-ஹாட் மங்கிக் கரகரக்கும். பாஸ் கிடாரின் நெளிவுகள் மிக நீளமானவை, அவை ஏறக்குறைய அப்படியே நிற்கும். ரெகேக்கு இது ஓர் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன்.

ஜமைக்காவில் அச்சான சாதாரணத் தட்டுகளுக்கும் தனிக் குணம் உண்டு. என்னிடம் உள்ள ஒன்றில் நடுத்துளை அரை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது. லேபிள் பக்கம் பள்ளத்தின் ஆரம் 55 மில்லிமீட்டர் என்று வைத்தால், வேகம் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே ஏறி இறங்கும். தட்டு ஒரு சுற்றுக்கு 1.33 விநாடி எடுப்பதால் ஆர்கன் ஒலி அதே கணக்கில் தள்ளாடும். லேபிள் வெறுமையாக இருக்கும் தட்டுகளும் ஏராளம். அப்போது பள்ளம் முடிந்தபின் வரும் வழவழப்பான வளையத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்; எந்தப் பதிவு என்று அடையாளம் காட்டும், கையால் கீறிய மேட்ரிக்ஸ் எண் அங்கே இருக்கும். சுரண்டிய லேபிள் மறைத்ததை இந்தக் கீறல் காட்டிக்கொடுக்கும்.

பகிர்வதென்றால் இன்று டிஜிட்டல் பிரதிதான். அன்று மூலப் பதிவுக்கான காந்த நாடா விலை அதிகம் என்பதால் ஒரே நாடாவில் திரும்பத் திரும்பப் பதிந்திருக்கிறார்கள். பல பாட்டுகளுக்கு மிஞ்சியிருப்பது தட்டு மட்டுமே. இங்கே ஓர் அழகான உபாயம் இருக்கிறது. பழைய மோனோ தட்டைப் பல வருடம் ஒரே அளவு முள் தேய்த்திருந்தால், சுவரில் ஒரு குறிப்பிட்ட உயரம் மட்டுமே கெட்டிருக்கும். சற்றுத் தடித்த 25 மைக்ரான் முள்ளைப் போட்டால் அது கொஞ்சம் மேலே, தேயாத சுவரில் உட்காரும். இரைச்சல் சட்டென்று குறைவதைக் கேட்டால் நம்ப முடியாது. இன்னொன்று: மோனோ தட்டில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. முள்ளின் அசைவை மின்னலையாக்கும் ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் ஓட்டி இரு பக்கத்தையும் கூட்டினால், மேலும் கீழுமான அசைவில் வரும் இரைச்சல் தன்னைத்தானே அடித்துக்கொண்டுவிடும்.

கழுவுவதில்தான் பலரும் சொதப்புகிறார்கள். வினைலுக்குப் பழகிய கையோடு டப்பிளேட்டில் ஆல்கஹால் கலந்த திரவத்தை ஊற்றினால் பூச்சு பாழ். பூச்சை வளையவைக்கச் சேர்த்த விளக்கெண்ணெய் காலப்போக்கில் சிதைந்து, பால்மிடிக் அமிலம் வெள்ளைப் பொடியாக மேலே பூக்கும். எண்ணெய் போனதும் பூச்சு சுருங்கும், அலுமினியம் சுருங்காது. வெடிப்பு விழுந்து செதில் செதிலாக உரியத் தொடங்கும். அந்தக் கட்டத்துக்குப் போன தட்டைச் சுழலவிடாமல் இருப்பதே நல்லது.

உரியாத தட்டு கையில் கிடைத்தால் முதலில் முள்ளைத் தேர்ந்தெடுங்கள், ஒலி அளவை வேறொரு தட்டில் சரிபாருங்கள், பதிவை ஓடவிடுங்கள். முள்ளை இறக்குவது அதற்கப்புறம்தான். ‘சும்மா ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்’ என்ற பேச்சு டப்பிளேட்டுக்குக் கிடையாது.