தெருக்கதவுக்குச் சட்டை மாட்டிய கதை

ஒரு கல்லூரியின் சேர்க்கைப் படிவம். கைபேசி எண் கேட்கும் கட்டத்துக்கு மட்டும் நீலக் கரை வேண்டும் என்றார்கள். கால் மணி நேர வேலைதானே என்று உட்கார்ந்தேன். எழுந்தபோது விளக்கு வைக்கும் நேரம். தளம் ட்ரூபல் என்ற, இணையதளம் கட்டும் மென்பொருளில் ஓடுகிறது. அந்தப் படிவத்தின் எச்டிஎம்எல் (உலாவி படித்துப் பக்கமாகக் காட்டும் மொழி) கோப்பு எங்கே என்று தேடினால், அப்படி ஒரு கோப்பே இல்லை.

2006-இல் வந்த 4.7 பதிப்பிலிருந்தே ட்ரூபல் படிவங்களை எச்டிஎம்எல்லாக எழுதி வைப்பதில்லை. படிவம் என்பது பிஎச்பி என்ற நிரல்மொழியில் ஓர் அரே: டப்பாவுக்குள் டப்பா, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர். பெயருக்கு முன்னால் # இருந்தால் அது அந்த டப்பாவின் குணம். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் இன்னொரு டப்பா. '#டைட்டில்' என்றால் தலைப்பு, '#ரிக்வயர்டு' என்றால் கட்டாயம் நிரப்ப வேண்டியது. இந்த அடுக்கு கடைசி நிமிடத்தில்தான் எச்டிஎம்எல்லாக மாறி உலாவிக்குப் போகிறது.

அதற்கு முன்னால் ட்ரூபல் எல்லா மாட்யூல்களையும் (தளத்தின் வேலைகளைப் பிரித்துச் செய்யும் நிரல் துண்டுகள்) ஒரு சுற்று கேட்கும்: இந்தப் படிவத்தில் யாராவது கை வைக்கிறீர்களா? இதற்குப் பெயர் ஃபார்ம் ஆல்ட்டர் ஹூக். நம் மாட்யூலின் பெயரோடு '_ஃபார்ம்_ஆல்ட்டர்' என்று முடியும் ஒரு ஃபங்ஷனை (கட்டளைத் தொகுப்பு) எழுதி வைத்தால் போதும், ட்ரூபலே கண்டுபிடித்துக் கூப்பிடும். (எழுதியதும் கேஷை, அதாவது ட்ரூபல் சேமித்து வைத்திருக்கும் பழைய நகலை, ஒருமுறை துடைக்க வேண்டும். மறந்துவிட்டு, கோட் வேலை செய்யவில்லை என்று தலையைச் சொறிந்தவர்களில் நானும் ஒருவன்.) எல்லாப் படிவங்களும் இந்த வழியாகத்தான் போகும் என்பதால், வந்திருப்பது நம் படிவம்தானா என்று அதன் அடையாளப் பெயரை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

நீலக் கரை போடுவது சிஎஸ்எஸ், அதாவது தோற்றத்துக்கான விதிகள். எந்தக் கட்டத்துக்கு என்று அது அடையாளம் காண ஒரு பெயர் வேண்டும், அதுதான் கிளாஸ். சரி, கிளாஸை எங்கே வைப்பது? '#ஆட்ரிப்யூட்ஸ்' என்ற குணத்துக்குள் 'கிளாஸ்' என்று ஒரு பட்டியல் இருக்கும். அதன் கடைசியில் நம் பெயரைச் சேர்க்க வேண்டும். பட்டியல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ட்ரூபல் 6 வரை அது வெறும் சரம், அதாவது எழுத்துகளின் ஒரே தொடர். ஆளாளுக்கு ஒட்டவைப்பார்கள், நடுவில் இடைவெளி விட மறந்தால் இரண்டு பெயர்களும் ஒன்றாகிவிடும். 2011-இல் வந்த 7-ஆம் பதிப்பு அதைப் பட்டியலாக்கியது. பழைய பழக்கத்தில் ஓர் உரைக்கட்டத்துக்குச் சரமாகவே எழுதினால் வம்புதான். நாம் கை எடுத்த பிறகு ட்ரூபலும் தன் பங்குக்கு 'ஃபார்ம்-டெக்ஸ்ட்' என்ற கிளாஸை அங்கே சேர்க்கும். பட்டியலோடு பட்டியலை இணைக்க வந்த இடத்தில் சரம் கிடந்தால், பக்கம் மொத்தமும் போய் ஒரு வரிப் பிழைச்செய்தி மட்டும் நிற்கும்.

நான் பட்டியலாகவே எழுதினேன். கரை வந்தது, ஆனால் கட்டத்துக்கு அல்ல, தலைப்பு, கட்டம், கீழே இருந்த உதவிக் குறிப்பு எல்லாவற்றையும் சுற்றி ஒரே வேலி. உள்ளறையில் இருப்பவருக்குப் போட வேண்டிய சட்டையைத் தெருக்கதவில் மாட்டியிருக்கிறேன். நிர்வாகப் பக்கத்தில் சேர்த்த ஃபீல்டு (ஒரு தகவலுக்கான இடம்) என்றால் வெளி டப்பா வெறும் உறைதான். அதற்குள் 'விட்ஜெட்', அதற்குள் 0 (ஒரே ஃபீல்டில் இரண்டு எண்கள் கேட்டால் அடுத்தது 1), அதற்குள் 'வேல்யூ'. நிஜமான கட்டம் அந்த நான்காவது டப்பா. '#ஆட்ரிப்யூட்ஸ்' அங்கே போனதும் நீலம் சரியான இடத்தில் உட்கார்ந்தது.

இவ்வளவு சுற்று எதற்கு, கட்டத்தின் ஐடியை, அதாவது பக்கத்தில் அதற்கு மட்டுமே உரிய அடையாளத்தை, பிடித்தே சிஎஸ்எஸ் எழுதலாமே என்று கேட்கலாம். அதே ஐடி பக்கத்தில் ஏற்கெனவே இருந்தால் ட்ரூபல் அடுத்ததன் வாலில் '--2' என்று ஒட்டும். பக்கம் மாறாமல் ஏஜாக்ஸ் வழியாகப் படிவம் புதுப்பிக்கப்பட்டால் வாலில் தாறுமாறான எழுத்துகள் வரும். கிளாஸுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

அப்புறம் ஒரு சோதனைக்காக எண்ணைத் தப்பாக அடித்து அனுப்பிப் பார்த்தேன். பிழை என்றால் வர வேண்டிய சிவப்புக் கரை வரவில்லை, நீலமே நின்றது. ட்ரூபல் 'எர்ரர்' என்ற கிளாஸைச் சேர்க்கத்தான் செய்திருக்கிறது. அதற்கான சிவப்பு விதி, என் நீல விதி, இரண்டுக்கும் ஒரே எடை. அப்படியானால் சிஎஸ்எஸ்ஸில் பின்னால் எழுதியது ஜெயிக்கும், பின்னால் இருந்தது என்னுடையது. இரண்டு கிளாஸும் சேர்ந்திருந்தால் சிவப்பு என்று இன்னொரு விதி எழுதிவிட்டுத்தான் டீ குடிக்கப் போனேன்.