ராணுவத்தில் நாயோடு வேலை: விண்ணப்பம் எங்கே போடுவது?

காங்கேயத்திலிருந்து வெள்ளகோவில் போகிற வழியில் செம்மறிப் பட்டி இல்லாத தோட்டம் குறைவு. பட்டி இருந்தால் நாயும் இருக்கும். போன மாதம் ப்ளஸ் டூ படிக்கிற பையன் ஒருவன் வந்தான். குட்டியிலிருந்து அவன் வளர்த்த நாய், விசில் அடித்தால் ஆட்டை விட்டுவிட்டு வேலி ஓரம் வந்து நிற்கும். "அண்ணா, மிலிட்டரியில நாய் பார்த்துக்கிற வேலைக்கு எங்கீங்கண்ணா அப்ளிகேசன் போடறது?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

தரைப்படையில் அந்தப் பெயரில் தனி விண்ணப்பம் கிடையாது. முதலில் சிப்பாயாகச் சேர வேண்டும், நாய் அப்புறம்தான். ராணுவ நாய்களைப் பார்த்துக்கொள்வது ரீமவுண்ட் வெட்டரினரி கோர் என்ற பிரிவு. அதன் பயிற்சி மையம் உத்தரப் பிரதேசத்தின் மீரட்டில் இருக்கிறது. குதிரை, கோவேறு கழுதை, நாய் மூன்றும் இவர்கள் பொறுப்பு. எந்தப் பிரிவு, அதில் என்ன வேலை என்பதையெல்லாம் சேர்ந்த பிறகு ராணுவமே முடிவு செய்யும். விருப்பத்தைச் சொல்லலாம், உத்தரவாதம் கேட்க முடியாது. "நாய்ப் பிரிவிலேயே சேர்த்துவிடுகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால், அது ஏமாற்று வேலை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படி ஒருவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு இன்னும் அலைகிறது.

சேரும் வழி அக்னிவீர், அதாவது நான்கு ஆண்டுப் பணிக்கு ஆள் எடுக்கும் திட்டம். பொதுப்பணிக்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதமும், ஒவ்வொரு பாடத்திலும் 33 மதிப்பெண்ணும் வேண்டும். 17½ வயது நிரம்பியிருக்க வேண்டும். மேல் வரம்பை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பையன்களுக்கு உயரம் 166 செ.மீ. முதலில் கணினி வழித் தேர்வு. 2025 முதல் அதைத் தமிழிலும் எழுதலாம். தேறினால் 1.6 கி.மீ. ஓட்டம், புல்-அப்ஸ், மருத்துவப் பரிசோதனை. நம் மாவட்டங்களுக்குக் கோவை ஆள்சேர்ப்பு அலுவலகம்.

சம்பளக் கணக்கைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது. முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய், நான்காம் ஆண்டு 40,000. இதில் 30 சதவீதம், பணி முடியும்போது மொத்தமாகக் கிடைக்கிற சேவா நிதிக்குப் பிடிக்கப்படும். ஆக முதல் ஆண்டு கைக்கு வருவது 21,000. பிடித்த தொகைக்குச் சமமாக அரசும் போடுகிறது. நான்கு ஆண்டு முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம், வருமான வரி இல்லாமல் கிடைக்கும். 48 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடும் உண்டு. ஆனால் ஓய்வூதியம் இல்லை. நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள்.

இந்த இடத்தில்தான் அந்தப் பையனிடம் கொஞ்ச நேரம் பேசினேன். நாயோடு பல வருடம் வேலை செய்ய ஆசை என்றால், மத்திய ஆயுதக் காவல் படைகளையும் பார்க்கச் சொன்னேன். எஸ்.எஸ்.சி. என்கிற மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் ஜி.டி. (பொதுப்பணி) கான்ஸ்டபிள் தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு போதும், பொது வயது வரம்பு 18 முதல் 23. இதையும் தமிழில் எழுதலாம், பெண்களும் எழுதலாம். அடிப்படைச் சம்பளம் 21,700, படிகள் தனி. வேலை நிரந்தரம். சேர்ந்த பிறகு நாய்ப் பயிற்சிக்கு விருப்பம் தெரிவிக்கலாம். சி.ஆர்.பி.எஃப்.க்குப் பெங்களூரு அருகே தரளுவிலும், எல்லைப் பாதுகாப்புப் படைக்குக் குவாலியர் பக்கம் டேகன்பூரிலும் நாய்ப் பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை எப்போதாவது "கென்னல்மேன்" என்ற பணிக்கு நேரடியாகவே ஆள் எடுக்கும். இடங்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான், ஆனாலும் அறிவிப்பைக் கவனித்து வாருங்கள்.

சரி, வேலை எப்படி இருக்கும்? காலையில் கூண்டைத் திறந்ததும் உடம்பு முழுக்கச் சீப்புப் போட வேண்டும். காது மடலைத் திருப்பி உண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பாதமாகத் தூக்கி, விரல் இடுக்கை விரித்து, வெடிப்போ முள்ளோ இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். பட்டி நாய் வைத்திருப்பவனுக்கு இது புதிதில்லை. அதற்கு மேல் இருப்பதுதான் தொழில்: வெடிமருந்து வாசம் பட்டதும் நாய் குரைக்காமல், கிளறாமல் அப்படியே உட்கார வேண்டும். வாலும் மூச்சும் மாறுகிற அந்த ஒரு நொடியைக் கையாளுபவர் படிக்க வேண்டும். நாய் தவறினாலும் இவர் தவறினாலும் பின்னால் வருகிற மொத்த அணிக்கும் ஆபத்து. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், பெல்ஜியன் மாலினாய்ஸ் இனங்களோடு நம் நாட்டு முதோலும் ராணுவத்தில் இருக்கிறது.

பெற்றோருக்கு ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2015-ல் காஷ்மீரின் குப்வாராவில் மான்சி என்ற லாப்ரடாரும் அதைக் கையாண்ட பஷீர் அகமது வாரும் ஒரே மோதலில் உயிரிழந்தார்கள். 2023-ல் ரஜௌரியில் கென்ட் என்ற பெண் லாப்ரடார், தன்னைக் கையாண்டவரைக் காத்து உயிரை விட்டது. இந்த வேலையில் நாய் முன்னால் போகும், நீளக் கயிறு பிடித்து அதன் பின்னால் போவது உங்கள் பிள்ளை.

ப்ளஸ் டூவில் உயிரியல் பிரிவு எடுத்தவர்களுக்கு ராணுவத்தில் நர்சிங் அசிஸ்டெண்ட் வெட்டரினரி, அதாவது விலங்கு மருத்துவ உதவியாளர் என்ற வழி இருக்கிறது. மொத்தம் 50 சதவீதம், பாடத்துக்கு 40 வேண்டும். நாமக்கல், உடுமலை கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் பி.வி.எஸ்சி. முடித்தவர்கள் குறுகிய காலப் பணி அதிகாரியாக ரீமவுண்ட் வெட்டரினரி கோருக்கு விண்ணப்பிக்கலாம். 32 வயது வரை வாய்ப்பு உண்டு, எழுத்துத் தேர்வு இல்லை, ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. நேர்காணல்தான்.

கடைசியாக, நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். அந்தப் பையன் ஆதாரில் பிறந்த தேதியும் ஒரு நாள் தள்ளி இருந்தது. அறிவிப்பு வருவதற்கு முன்பே இ-சேவை மையத்துக்குப் போய் இதையெல்லாம் ஒன்றுபோலத் திருத்திக்கொள்ளச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.