நகை செய்பவருக்கு 3 லட்சம் ரூபாய் கடன்: அதை உலோகத்தில் போடாதீர்கள்

2024 தொடக்கத்தில் சென்னையில் ஒரு சவரன் ஆபரணத் தங்கம் 47 ஆயிரம் ரூபாய் அளவில் விற்றது. 2025 அக்டோபரில் அது 90 ஆயிரத்தைத் தாண்டியது. வெள்ளியும் அப்படித்தான். கிராம் 80 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்தது, அதே அக்டோபரில் 200 ரூபாய்க்கு மேல் போனது. நடுவில் 2024 ஜூலை மத்திய பட்ஜெட்டில் தங்கம், வெள்ளி மீதான இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள். கொஞ்ச நாள் விலை இறங்கியது, பிறகு விட்ட இடத்தைத் தாண்டி ஏறிவிட்டது.

இதனால் கடைக்காரருக்கு வருகிற சிரமம் வேறு, பட்டறையில் உட்கார்ந்து குறடு பிடிக்கிறவருக்கு வருகிற சிரமம் வேறு. 100 கிராம் எடையுள்ள ஒரு ஜோடி கொலுசுக்கு முன்பு 8,000 ரூபாய் வெள்ளி போதும். 2025 அக்டோபர் விலையில் 20,000 ரூபாய் வேண்டியிருந்தது. கொலுசு செய்கிற நேரமும் உழைப்பும் அதேதான், கூலியும் பெரிதாக மாறவில்லை. கையில் இருக்கிற முதல்தான் பாதி வேலைக்குக்கூடப் போதாமல் சுருங்கிவிட்டது. சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும், கோவைப் பட்டறைகளிலும், நாகர்கோவில் வடசேரியிலும் இன்றைக்கு நிலைமை இதுதான்.

இந்த நேரத்தில் தமிழ்நாட்டில் நகை செய்பவர்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு திட்டம் கலைஞர் கைவினைத் திட்டம். மாநில அரசின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் துறை இதை நடத்துகிறது. 2025 ஏப்ரல் 19 அன்று காஞ்சிபுரம் மாவட்டம் குன்றத்தூரில் அப்போதைய முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். 25 வகைத் தொழில்கள் இதில் வருகின்றன. நகை செய்தல் அவற்றில் ஒன்று. பாசிமணி வேலைப்பாடு, சுடுமண் வேலை, உலோக வேலைப்பாடு ஆகியவையும் பட்டியலில் உள்ளன. ஆகவே தங்கம், வெள்ளி ஆசாரிகளுக்கு மட்டும்தான் என்று நினைத்து டெரகோட்டா நகை, மணிமாலை செய்கிற பெண்கள் ஒதுங்கிவிட வேண்டாம்.

எவ்வளவு கிடைக்கும்?

வங்கிக் கடன் அதிகபட்சம் 3 லட்சம் ரூபாய். கடன் தொகையில் 25 சதவீதம் அரசு மானியம், ஆனால் அந்த மானியம் 50,000 ரூபாயைத் தாண்டாது. இதோடு வட்டியில் 5 சதவீதத்தை அரசு ஏற்கும். தொழில் மேம்பாட்டுக்கான பயிற்சியும் உண்டு.

இதில் ஒரு கணக்கைக் கவனியுங்கள். 2 லட்சத்தில் 25 சதவீதம் சரியாக 50,000. அதாவது 2 லட்சம் வாங்கினாலும் 3 லட்சம் வாங்கினாலும் மானியம் ஒன்றுதான். 2 லட்சம் வாங்குகிறவர் அசலில் திருப்ப வேண்டியது ஒன்றரை லட்சம், 3 லட்சம் வாங்குகிறவர் திருப்ப வேண்டியது இரண்டரை லட்சம். கடைசி ஒரு லட்சத்துக்கு மானியம் ஒரு ரூபாய்கூட இல்லை. ‘கிடைக்கிறதே, முழுசா வாங்கிடலாம்’ என்று சொல்பவர்கள் இருப்பார்கள். உங்கள் தேவை 2 லட்சத்துக்குள் அடங்கினால் அங்கேயே நிறுத்துவதுதான் நல்லது. வட்டியைப் பொறுத்தவரை, வங்கி 11 சதவீதம் போடுகிறது என்று வைத்துக்கொண்டால் உங்கள் தலையில் விழுவது 6 சதவீதம்.

பிணை பற்றிய பயமும் பலருக்கு உண்டு. குறு, சிறு தொழில்களுக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வங்கிகள் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வீட்டுப் பத்திரம் கொண்டுவா என்று கேட்டால் இந்த விதியைச் சொல்லலாம், எழுத்தில் பதில் கேட்கலாம்.

35 வயது ஏன்?

விண்ணப்பிக்கிறவருக்குக் குறைந்தது 35 வயது ஆகியிருக்க வேண்டும். இந்த எல்லைக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. மத்திய அரசு 2023 செப்டம்பர் 17 அன்று பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. பொற்கொல்லர் உட்பட 18 தொழில்கள், 18 வயது முதல் சேரலாம், குடும்பவழித் தொழில் என்ற அடிப்படை. இப்போதைய வடிவில் இதைத் தமிழ்நாட்டில் நடைமுறைப்படுத்த முடியாது என்று 2024 நவம்பர் 27 அன்று ஸ்டாலின் மத்திய அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். பதினெட்டு வயதுப் பிள்ளையைப் படிப்பிலிருந்து திருப்பி அப்பன் தொழிலுக்கே அனுப்பிவிடக் கூடாது என்பது மாநிலத்தின் வாதம். அதனால் வயதை 35 ஆக்கி, குடும்பத்தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டுத் தனித் திட்டம் கொண்டுவந்தது. சாதி பார்க்காத திட்டம் இது. நகைவேலையை எங்கே கற்றீர்கள் என்பது கேள்வியில்லை, செய்கிறீர்களா என்பதே கேள்வி.

அந்த வாதம் எனக்குப் புரிகிறது, ஏற்கவும் செய்கிறேன். ஆனாலும் வீட்டில் இருந்தபடி நகை செய்து விற்கிற 28 வயதுப் பெண்ணுக்கு இந்த எல்லை இடிக்கத்தான் செய்யும். அவருக்குச் சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் வழி திறந்திருக்கிறது. சிசு பிரிவில் 50,000 வரை, கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை. மானியம் இல்லை, பிணையும் இல்லை.

புதுச்சேரி, காரைக்காலில் இருப்பவர்களும், பெங்களூரிலோ கேரளத்திலோ பட்டறை வைத்திருக்கும் தமிழர்களும் விஸ்வகர்மா திட்டத்தையே பார்க்க வேண்டும். பொதுச் சேவை மையத்தில் இலவசமாகப் பதியலாம். 5 முதல் 7 நாள் அடிப்படைப் பயிற்சி, நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகை, கருவி வாங்க 15,000 ரூபாய், அதன்பின் முதலில் 1 லட்சம், ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 2 லட்சம், 5 சதவீத வட்டியில். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான்.

எங்கே போவது?

குறு, சிறு தொழில் துறையின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். நேரில் போவதென்றால் உங்கள் மாவட்டத் தொழில் மையம். சென்னையில் இருப்பவர்களுக்குக் கிண்டியில் உள்ள மண்டல இணை இயக்குநர் அலுவலகம். ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம், வாங்கப்போகும் கருவிகளுக்கான விலைப்புள்ளி (கொட்டேஷன்), இந்தப் பணத்தை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுதிய ஒரு திட்ட அறிக்கை ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இல்லையென்றால் முதலில் அதை முடியுங்கள். ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும், கட்டணம் கிடையாது. இதற்கு இடைத்தரகருக்கு ஐந்நூறு, ஆயிரம் என்று கொடுப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

திட்ட அறிக்கையில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே இதற்காகத்தான்.

உலோகம் வேண்டாம், கருவி வாங்குங்கள்

விலை ஏறும்போது ‘இன்னும் ஏறுவதற்குள் வாங்கிப் போட்டுவிடலாம்’ என்றுதான் மனம் ஓடும். சவரன் 90 ஆயிரம் என்றால், 3 லட்சம் முழுவதற்கும் தங்கம் வாங்கினால் கிடைப்பது மூன்று சவரனும் சொச்சமும். ஒரு நெக்லஸ் செய்து முடித்தால் தீர்ந்தது. அது விற்கும் வரை பணம் பெட்டியில் தூங்கும், தவணை மட்டும் மாதாமாதம் வந்து நிற்கும். விலை இறங்கினால் நட்டம் உங்களுடையது. கடன் வாங்கி உலோகத்தின் விலைமேல் பந்தயம் கட்டுகிற அளவுக்குத் தாங்கும் சக்தி சிறு பட்டறைக்கு இல்லை.

அதே பணத்தில் உலோகத்தைத் தகடாக்கும் ஒரு நல்ல ரோலிங் மெஷின், மில்லிகிராம் காட்டும் மின்னணுத் தராசு, கேஸ் டார்ச், மெருகு மோட்டார் ஆகியவை வாங்கினால் அவை பல வருடம் சோறு போடும். குறிப்பாக மெருகு மோட்டாருடன் தூள் சேகரிக்கும் பெட்டியைச் சேர்த்து வாங்குங்கள். 47 ஆயிரம் சவரனில் ஒரு கிராம் 5,875 ரூபாய். 90 ஆயிரத்தில் 11,250 ரூபாய். அரம் போடும்போதும் மெருகு ஏற்றும்போதும் காற்றில் போன தூளின் மதிப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது. முன்பு பட்டறை மண்ணை அரிப்பவருக்குக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டவர்கள்கூட இப்போது தரையில் பாய் விரித்து, கை கழுவும் தண்ணீரையும் தேக்கிவைக்கிறார்கள். அது சரியான வழி.

அப்படியானால் உலோகத்துக்கு எங்கே போவது? வாடிக்கையாளரே தங்கம் கொண்டுவரட்டும். வீட்டில் கிடக்கிற பழைய நகையை உருக்கிப் புது நகை செய்துகொள்ளும் பழக்கம் விலை ஏறும்போதெல்லாம் கூடும். எடை, மாற்று (தங்கத்தின் தூய்மை) இரண்டையும் அவர் முன்னாலேயே பார்த்து எழுதிக் கையெழுத்து வாங்கி, கூலியை ரூபாயில் பேசி முடித்துவிடுங்கள். முன்பணம் வாங்கி, அன்றைய விலைக்கே உலோகத்தைப் பிடித்துவைப்பதும் ஒரு முறை. ஆர்டர் கொடுத்த நாளுக்கும் நகை முடிகிற நாளுக்கும் நடுவில் ஏறுகிற விலை உங்கள் கூலியைத் தின்னாது.

40 லட்சம் என்கிற கோடு

வாடிக்கையாளரின் தங்கத்தில் வேலை செய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு, பலரும் கவனிக்காதது. பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் (மொத்த விற்பனை) 40 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். தங்க நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் என்ற விதியிலும் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை உள்ளவர்களுக்கு விலக்கு இருக்கிறது. இந்த எல்லைகள் எழுதப்பட்ட காலத்துத் தங்க விலை வேறு. சவரன் 47 ஆயிரமாக இருந்தபோது 40 லட்சத்தைத் தொட சுமார் 85 சவரன் விற்க வேண்டியிருந்தது. 90 ஆயிரத்தில் 45 சவரன் விற்றாலே தொட்டுவிடும். வேலை பாதியானாலும் அரசின் கணக்கில் நீங்கள் அதே அளவு ‘பெரிய’ வியாபாரி. விலைக்கேற்ப இந்த எல்லையை உயர்த்த வேண்டும் என்று நகைத் தொழிலாளர்கள் கேட்பது முழுக்க நியாயமானது.

அதுவரை செய்யக்கூடியது இதுதான். வாடிக்கையாளரின் தங்கத்தில் வேலை செய்தால் உங்கள் கூலி மட்டுமே உங்கள் விற்றுமுதல். தங்கத்தின் மதிப்பு உங்கள் கணக்கில் ஏறாது. ஆனால் சேவைக்கான ஜிஎஸ்டி எல்லை 20 லட்சம். சொந்தத் தங்கத்தில் நகை விற்றுக்கொண்டு கூலி வேலையும் செய்தால் உங்களுக்குப் பொருந்துவது 40 அல்ல, இந்த 20 லட்சம்தான். இரண்டையும் கலந்து செய்பவர்கள் இந்த இடத்தில்தான் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். கணக்கு நோட்டில் கூலியையும் விற்பனையையும் தனித்தனியாக எழுதிக் கூட்டுத்தொகையை மாதாமாதம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடை கூலி தராமல் இழுத்தடித்தால்

உத்யம் பதிவு வைத்திருப்பதன் உண்மையான பலன் இங்கேதான். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, பொருளையோ வேலையையோ பெற்றுக்கொண்டவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாந்திரக் கூட்டு வட்டி. இந்தப் புகார்களை விசாரிக்கும் வசதியாக்க மன்றங்கள் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் உள்ளன. கடையோடு உறவு கெட்டுவிடும் என்று பெரும்பாலோர் மனு போடுவதில்லை. மனு போடாவிட்டாலும் பில்லின் கீழே உத்யம் எண்ணை அச்சடித்துக் கொடுங்கள். வாங்குகிறவர் வரி கட்டுபவராக இருந்தால், காலக்கெடுவுக்குள் தராத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட வருமான வரிச் சட்டம் அவரை விடாது. அவருடைய ஆடிட்டரே உங்கள் பணத்தை நினைவூட்டுவார்.

கடனுக்குத் தகுதி இல்லாதவர்களும், உதவியாளாகக் கூலிக்கு வேலை செய்பவர்களும் தொழிலாளர் துறையின் பொற்கொல்லர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளலாம். வயது 18 முதல் 60 வரை. பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு ஆகியவற்றுக்கு உதவி, 60-க்குப் பிறகு மாத ஓய்வூதியம். 59 வயதில் ஓடிப்போய்ப் பதிவதைவிட இன்றே பதிவது நல்லது.

வடிவத்தில் கிடைக்கிற விலை

உலோகம் குறையக் குறைய வேலைப்பாடு பேச வேண்டும். வடசேரிக் கோயில் நகை இதற்கு நல்ல பாடம். வெள்ளியில் கட்டி, மேலே தங்கத் தகடு ஒட்டி, சிவப்பும் பச்சையுமான கெம்புக் கற்களைப் பதிப்பார்கள். சுவாமிக்குச் சாற்றப்பட்ட நகை, பிறகு பரதநாட்டிய மேடைக்கு வந்தது. நாகர்கோவில் கோயில் நகை என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. அங்கே வாங்குபவர் எடைக்குக் கொடுப்பதைவிட கைவேலைக்குக் கொடுப்பதே அதிகம்.

நீங்களே புதிதாக ஒரு ஜிமிக்கியோ பதக்கமோ வடிவமைத்தால் அதை 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யலாம். தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். முதலில் 10 ஆண்டுகள் பாதுகாப்பு, பிறகு இன்னொரு 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை கடுமையானது: விண்ணப்பிக்கும் நாள் வரை அந்த வடிவம் எங்கும் வெளியாகியிருக்கக் கூடாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டாகிராம் எல்லாம் வெளியீடுதான். செய்து முடித்த சந்தோஷத்தில் அன்றிரவே படம் போட்டுவிட்டால் அந்த உரிமையை நீங்களே கொடுத்துவிட்டதாக ஆகிவிடும். விண்ணப்ப எண் கைக்கு வந்த பிறகு படம் போடுங்கள்.